பொடியில் பிறக்கும் எஃகு

திண்டிவனத்திலிருந்து மரக்காணத்திற்குச் செல்லும் வழியில் பெருமுக்கல் என்று ஒரு மலை நிற்கிறது. உயரத்தில் அது பெரியதன்று, பழமையில் பெரியது. எழுத்தறியாத காலத்து மனிதன் கல்லைக் கல்லால் கீறி வரைந்த உருவங்கள் அதன் குகைப் பாறையில் இன்றும் இருக்கின்றன. மலைமேல் சிவன் கோயில் உண்டு. பாழடைந்த கோட்டையும் உண்டு. 1760-ஆம் ஆண்டில் பிரஞ்சுக்காரரிடமிருந்து புதுச்சேரியைப் பறிக்கப் புறப்பட்ட ஆங்கிலத் தளபதி அயர் கூட், இந்தக் கோட்டையைப் பிடித்துக்கொண்ட பின்னரே மேலே சென்றான். பின்னர் ஐதர் அலியின் யுத்தங்களிலும் இதன் பெயர் அடிபட்டது. அந்நாளில் தென்னாற்காடு ஜில்லாவாக இருந்து, 1993 முதல் விழுப்புரம் மாவட்டமாக விளங்கும் இந்தப் பிரதேசத்தின் சரித்திரத்தை இந்த ஒரு மலையே சொல்லிவிடும்.

இன்று இவ்வட்டாரத்துக்குப் போகிறவர்கள் கேட்பது பீரங்கிச் சத்தமன்று. கல்குவாரியின் வெடிச் சத்தம். பாறையைத் தகர்த்து, அரைக்கும் யந்திரத்தில் இட்டு, ஜல்லியாகவும் பொடியாகவும் லாரியில் ஏற்றுகிறார்கள். பல கோடி ஆண்டுகள் நின்ற கல் சில மணி நேரத்தில் பொடியாகி, லாரிக் கணக்கில் விலை போகிறது. உடைத்த தொழிலாளிக்குக் கூலியும் நெஞ்சில் தூசியும் மிஞ்சுகின்றன. ஊருக்குப் பள்ளம் மிஞ்சுகிறது.

இதே பெருமுக்கலிலிருந்து வடகிழக்கே கடலோரமாகச் சென்றால், அரை நாளுக்குள் கல்பாக்கத்தை அடைந்துவிடலாம். அங்கே பேசப்படுவதும் பொடியைப் பற்றியதுதான்; ஆனால் அது உலோகப் பொடி. கல்லைப் பொடியாக்கினால் அதன் மதிப்பு இறங்குகிறது. எஃகை முறையறிந்து பொடியாக்கி, முறையறிந்து மீண்டும் ஒன்றுசேர்த்தால் அதன் மதிப்புப் பன்மடங்கு ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பது அறிவு ஒன்றே. அந்த அறிவைப் பற்றியும், அது யார் கையில் இருக்கவேண்டும் என்பதைப் பற்றியும் நேயர்களுடன் சிறிது பேச விரும்புகிறோம்.

நாற்பதினாயிரம் குழல்கள்

கல்பாக்கத்தில் முதலில் கட்டப்பட்ட சென்னை அணுமின் நிலையம் 1983-இல் தேசத்திற்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் அருகிலேயே 1971-இல் உலை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 1985-இல் அதற்கு இந்திரா காந்தியின் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 18-ஆம் தேதி அங்கே வேக ஈனுலை எனப்படும் சிறிய பரிசோதனை உலை இயங்கத் தொடங்கிற்று. தான் எரிக்கும் எரிபொருளைவிட அதிக எரிபொருளை விளைவிக்கக் கூடிய வகையைச் சேர்ந்ததாதலால் இதற்கு ஈனுலை என்று பெயர்.

இந்தப் பரிசோதனை உலையின் வரலாறு மறக்கத் தக்கதன்று. அமைப்பைப் பிரான்ஸ் தேசம் தந்தது. செறிவேற்றிய யுரேனியமும் அங்கிருந்தே வரும் என்று நம்பியிருந்தோம். 1974-இல் பொக்ரானில் நாம் பரிசோதனை வெடிப்பு நடத்தியதும் அந்தக் கதவு அடைபட்டது. நமது விஞ்ஞானிகள் கைகட்டி உட்கார்ந்துவிடவில்லை. புளூட்டோனியமும் யுரேனியமும் கலந்த கார்பைடு என்ற புது எரிபொருளைத் தாமே ஆக்கி, அதைக் கொண்டே உலையை இயக்கிக் காட்டினார்கள். பிறர் தர மறுத்ததை நாமே செய்துகொள்வது என்பது மேடைப் பேச்சில் மட்டும் உள்ள விஷயமன்று என்பதற்குக் கல்பாக்கம் சாட்சி.

அடுத்தபடியாக 500 மெகாவாட் மின்சாரம் தரக்கூடிய பெரிய ஈனுலையின் நிர்மாணம் 2004-இல் தொடங்கியது. 3,492 கோடி ரூபாயில் 2010-க்குள் முடிப்பதாகத் திட்டம். அதே 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை அஸ்திவாரப் பள்ளத்தை மூழ்கடித்தது. அதன் பின்னும் தடை மேல் தடை. உலையின் கருவகத்தை நிரப்பும் வேலை 2024 மார்ச் 4-ஆம் தேதி பிரதமர் முன்னிலையில்தான் தொடங்க முடிந்தது. செலவும் முதல் மதிப்பீட்டைவிடப் பெருமளவு ஏறிவிட்டது. இத்தாமதத்தை மறைத்துப் பேசுவது நமது வழக்கமன்று. ஆனால் தாமதத்தைப் பரிகசிப்பவர்கள், அங்கே செய்யப்படும் வேலை எத்தகையது என்பதையும் அறிந்துகொள்ளவேண்டும்.

அந்த உலையின் கருவகத்தில் 181 எரிபொருள் கட்டுகள் உண்டு. ஒவ்வொரு கட்டிலும் 217 குழல்கள். பெருக்கிப் பார்த்தால் 39,277 குழல்கள். ஒரு குழலின் குறுக்களவு 6.6 மில்லிமீட்டர், எழுதும் பென்சிலைவிடச் சற்று மெல்லியது. அதன் சுவரின் கனம் 0.45 மில்லிமீட்டர். உள்ளே புளூட்டோனியம் கலந்த எரிபொருள். வெளியே உருகிய சோடியம் 400 டிகிரியில் நுழைந்து ஏறத்தாழ 550 டிகிரியில் வெளியேறுகிறது. ஆபத்துக்கும் நமக்கும் இடையே நிற்கும் முதல் வேலி, நகத்தின் கனமே உள்ள இந்த எஃகுச் சுவர்தான். நாற்பதினாயிரம் குழல்களில் ஒன்று கசிந்தாலும் உலையை நிறுத்தித் தேடவேண்டிய நிலைமை வரலாம்.

இந்தக் குழல்கள் நமது வீட்டுப் பெண்மணிகள் எவர்சில்வர் என்று அழைக்கும் எஃகின் நெருங்கிய உறவு. குரோமியம் நூற்றுக்கு 15, நிக்கல் நூற்றுக்கு 15, சிறிது டைட்டேனியம் சேர்ந்த கலவை அது. சமையலறையில் பாத்திரத்தைத் துரு அண்டாமல் காப்பது குரோமியம். உலையிலும் அதே குரோமியந்தான். ஆனால் உலையில் எஃகுக்கு நேரும் சோதனை துருவன்று. நியூட்ரான் என்னும் நுண்துகள்கள் இடைவிடாமல் மோதுவதால், குழலிலுள்ள ஒவ்வோர் அணுவும் அதன் ஆயுட்காலத்தில் சராசரி 85 முறை இருந்த இடத்தைவிட்டுத் தள்ளப்படுகிறது. இப்படித் தள்ளுண்ட அணுக்கள் விட்டுச்சென்ற வெற்றிடங்கள் ஒன்றுகூடி நுண்ணிய குழிகளாகின்றன. எஃகு ஊறிய பயறுபோல் உப்புகிறது. பிரிட்டனின் டௌன்ரே உலையில் இருந்த எஃகில் இந்த உப்பலைக் கண்டு 1967-இல் வெளியிட்டபோது, உலகத்து விஞ்ஞானிகள் திகைத்தனர். அதுவரை எஃகு உப்பும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

எரிபொருள் இன்னும் எரியத் தயார். ஆனால் உறை தாங்காது. ஆகவே முழுதும் எரியாத எரிபொருளை வெளியே எடுத்து, சுத்திகரித்து, மீண்டும் குழலில் அடைக்கவேண்டியிருக்கிறது. உறை இரட்டிப்புக் காலம் தாங்குமானால் இந்த வேலையும் செலவும் அபாயமும் பாதியாகக் குறையும். அப்படித் தாங்கும் எஃகைத் தேடிப் போனவர்கள் கடைசியில் வந்து நின்ற இடந்தான் உலோகப் பொடி.

பொடி ஏன்?

எஃகை உருக்கி அச்சில் வார்ப்பது பழைய வழி. அதில் ஒரு குறை உண்டு. பெரிய வார்ப்பு மெல்ல மெல்ல ஆறுகிறது. ஆறும்போது கலவையிலுள்ள சில பொருள்கள் முந்தி உறைகின்றன, சில பிந்துகின்றன. இதனால் ஓரத்தில் ஒரு குணமும் நடுவில் ஒரு குணமும் ஏற்பட்டுவிடுகிறது. பிறகு அடித்தும், உருட்டியும், கடைந்தும் உருவம் கொடுக்கவேண்டும். கடையும்போது விலையுயர்ந்த உலோகத்தில் பெரும்பங்கு சீவலாகக் கழிந்துவிடும்.

பொடி முறையில், உருகிய எஃகை ஒரு சிறு துவாரத்தின் வழியே ஒழுகவிட்டு, அதன்மேல் ஆர்கானையோ நைட்ரஜனையோ மிகுந்த வேகத்துடன் பாய்ச்சுகிறார்கள். ஒழுக்குச் சிதறிக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகி, கீழே விழுவதற்குள் உறைந்து உருண்டைப் பொடியாகிறது. துளி மிகச் சிறியதாதலால் நொடிப் பொழுதில் ஆறிவிடும். முந்துவதற்கும் பிந்துவதற்கும் நேரமில்லை. ஒவ்வொரு பொடியும் கலவையின் சரியான பிரதியாக அமைந்துவிடுகிறது.

இந்தப் பொடியை, வேண்டிய பாகத்தின் உருவத்தில் செய்த தகரக் கூட்டில் கொட்டி, படியில் நெல்லைக் குலுக்கி அளப்பதுபோல் குலுக்கி நிரப்புகிறார்கள். எவ்வளவு குலுக்கினாலும் மூன்றில் ஒரு பங்கு இடைவெளி இருக்கும். உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, வாயைப் பற்றவைத்து அடைத்து, கூட்டை ஒரு பெரிய அழுத்தக் கலத்தினுள் வைத்து, ஏறத்தாழ ஆயிரம் மடங்கு காற்றழுத்தத்திலும் 1,100 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்திலும் சில மணி நேரம் இருத்துகிறார்கள். எல்லாப் பக்கங்களிலிருந்தும் அழுத்தம் சமமாக விழுவதால் பொடி உருகாமலேயே ஒன்றோடொன்று இறுகி, இடைவெளி நீங்கி, திண்மையான எஃகாகிறது. 1955-இல் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரத்துப் பாட்டெல் ஸ்தாபனத்தார், அணு உலையின் எரிபொருளுக்கு உறை போர்த்தும் பொருட்டே இம்முறையை முதலில் கண்டனர் என்பது குறிப்பிடத்தக்கது. ஆயினும் இப்படிச் செய்த எவர்சில்வர் பாகத்தை உலையின் முதல்தர அழுத்த உறுப்புகளில் சேர்த்துக்கொள்ளலாம் என்று அமெரிக்க யந்திரப் பொறியாளர் சங்கத்தின் விதிநூல் அனுமதித்தது 2013-இல்தான். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சோதித்த பிறகே நம்பினார்கள் என்பதை நமது அவசரக்காரர்கள் கவனிக்கவேண்டும்.

மற்றொரு வழி அண்மையில் வந்தது. பொடியை மெல்லிய ஏடாகப் பரப்பி, லேசர் கதிரால் வேண்டிய இடத்தை மட்டும் உருக்கி, அதன்மேல் அடுத்த ஏட்டைப் பரப்பி, இவ்வாறு ஏடு ஏடாக ஒரு பாகத்தைக் கட்டியெழுப்புவது. 2017-இல் ஸ்லோவேனியாவின் கிர்ஷ்கோ நிலையத்தில் தீயணைப்புப் பம்பின் சுழல்சக்கரம் ஒன்று இம்முறையில் செய்து பொருத்தப்பட்டது. பழைய சக்கரத்தைச் செய்த கம்பெனியே மறைந்துபோயிருந்ததால் இந்த ஏற்பாடு. 2020-இல் அமெரிக்காவின் பைரன் நிலையத்தில் இவ்வகை எவர்சில்வர்ப் பாகம் ஒன்று உலையின் உள்ளேயே வைக்கப்பட்டது. 2021-இல் பிரவுன்ஸ் பெர்ரி நிலையத்தில், ஓக் ரிட்ஜ் ஆராய்ச்சிச் சாலையார் செய்த நான்கு பிடிப்பான்கள் எரிபொருள் கட்டுகளில் பொருத்தப்பட்டன. எல்லாம் சிறு பாகங்கள்; முதலில் சிறியதைச் செய்து பார்ப்பதுதான் முறை.

கல்பாக்கத்திலும் பொடிக்கு வேலை உண்டு. ஈனுலையில் எரிபொருள் கட்டுகளைத் தாங்கும் அடித்தட்டு எவர்சில்வரால் ஆனது. சூடான சோடியத்தில் எவர்சில்வர் மேல் எவர்சில்வர் உரசினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு பெயர்ந்துவிடும். ஆகவே உரசும் பரப்பில் கடினமான வேறோர் உலோகம் பூசவேண்டும். கோபால்ட் கலவையைப் பூசுவது உலக வழக்கம். ஆனால் கோபால்ட் உலையில் கடுங்கதிர் வீசும் பொருளாக மாறி, பின்னர் பழுது பார்க்க வரும் தொழிலாளியைத் தாக்கும். அதனால் நமது விஞ்ஞானிகள் நிக்கல் கலவைப் பொடியைத் தேர்ந்து, பிளாஸ்மா சுடரில் உருக்கிப் படியவைத்தார்கள். என்றோ ஒரு நாள் ரிஞ்சு எடுத்துக்கொண்டு உள்ளே போகப்போகும் மனிதனை இன்றே நினைத்துச் செய்த இந்த முடிவை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

கல்வத்தில் அரைத்த எஃகு

இனி உறைக் குழலுக்கு வருவோம். உப்பாமலும் தளராமலும் இருக்கக்கூடிய எஃகு ஒன்று உண்டு. நூற்றுக்கு ஒன்பது பங்கு குரோமியமும் சிறிது டங்ஸ்டனும் சேர்ந்த எஃகில், யிட்ரியம் என்ற அரிய மண்ணின் ஆக்ஸைடை நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவாகத் தூவி வைத்தால், அந்த நுண்துகள்கள் காவற்காரர்கள்போல் நின்று எஃகின் தளர்ச்சியைத் தடுக்கின்றன. தள்ளுண்ட அணுக்கள் விட்ட வெற்றிடங்களையும் ஒன்றுகூட விடாமல் விழுங்குகின்றன.

ஆனால் உருக்கிய எஃகில் இந்த ஆக்ஸைடைப் போட்டால் கலவாது. கசடுபோல் மேலே மிதந்துவிடும். ஆகவே பொடிதான் ஒரே வழி. எஃகுப் பொடியையும் ஆக்ஸைடுப் பொடியையும் எஃகுக் குண்டுகளுடன் ஒரு யந்திரத்தில் இட்டுப் பல மணி நேரம் இடைவிடாமல் அரைக்கிறார்கள். பொடிகள் மோதி ஒட்டுகின்றன, உடைகின்றன, மீண்டும் ஒட்டுகின்றன. கடைசியில் ஆக்ஸைடு எஃகினுள் மறைந்தே போகிறது. பின்னர்ச் சூடாக்கும்போது, ஒரு மில்லிமீட்டரில் லட்சக்கணக்கில் அடுக்கக்கூடிய நுண்துகள்களாக எங்கும் பரவி வெளிப்படுகிறது. பென்ஜமின் என்ற அமெரிக்க விஞ்ஞானி இந்த முறையை 1970-இல் வெளியிட்டார். நமது சித்த வைத்தியர் பற்பத்தையும் செந்தூரத்தையும் கல்வத்திலிட்டுச் சாமக்கணக்கில் அரைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தத்துவம் விளங்காமற் போகாது. எதை எவ்வளவு நேரம் அரைப்பது என்பதில்தான் மருந்தும் இருக்கிறது, விஷமும் இருக்கிறது.

இந்த வேலை நம் தேசத்தில் நடந்திருக்கிறது. ஹைதராபாத்தில் உலோகப் பொடித் தொழிலுக்கென்றே மத்திய சர்க்கார் நடத்தும் ஆராய்ச்சி நிலையமும், 1971-இல் ஏற்பட்ட அணு எரிபொருள் தொழிற்சாலையும், கல்பாக்கத்து ஆராய்ச்சி நிலையமும் ஒன்றுசேர்ந்து, பொடியிலிருந்து 6.6 மில்லிமீட்டர்க் குழலை நீண்ட அளவில் இழுத்துக் காட்டியிருக்கின்றன. ஒன்பது பங்குக் குரோமியம் எவர்சில்வர் என்ற பெயருக்குச் சற்றுக் குறைவு. எரிந்த எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைக்கும்போது அந்தக் குழலும் அரிக்கப்படலாம். அதனால் பதினெட்டுப் பங்குக் குரோமியம் சேர்ந்த, உண்மையிலேயே துரு அண்டாத வகையையும் கல்பாக்கத்தார் ஆராய்ந்து வருகிறார்கள். யிட்ரியத்துக்கும் நாம் எங்கும் கையேந்தவேண்டியதில்லை. கன்னியாகுமரிக் கரையில் மணவாளக்குறிச்சி மணலிலுள்ள மோனசைட்டில் தோரியத்துடன் அரிய மண் வகைகளும் உண்டு. அவற்றுள் சிறு பங்கு யிட்ரியம்.

பரங்கிப்பேட்டை தந்த பாடம்

தமிழ்நாட்டுக்கு இரும்பு புதிதன்று. சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்கிறது என்று தமிழ்நாடு சர்க்கார் 2025 ஜனவரி 23-ஆம் தேதி அறிவித்தது. ஈரோட்டை அடுத்த கொடுமணலில் எஃகு ஆக்கிய உலைகளின் தடயங்கள் தோண்டி எடுக்கப்பட்டன. தென்னாட்டு உருக்கை லண்டனில் மைக்கேல் பாரடே 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ந்து, அதைப்போல் செய்ய முயன்று, எஃகுடன் பிற உலோகங்களைக் கலந்து பார்த்தார். கலவை எஃகின் ஆராய்ச்சிக்கு அது ஓர் ஆரம்பம். 1913-இல் ஷெபீல்டில் ஹாரி பிரேர்லி துரு அண்டாத எஃகைக் கண்டதும் அந்தப் பாதையில்தான். இன்னொன்றும் சொல்லவேண்டும். நமது பழைய கொல்லர்கள் கரி உலையில் எடுத்த இரும்பு உருகிய இரும்பன்று. துளை நிறைந்த பஞ்சுபோன்ற கட்டியைச் சம்மட்டியால் அடித்து அடித்துத் துகளைத் துகளோடு இறுகச் செய்தார்கள். உருகாமலேயே இரும்பை ஒன்றாக்கும் வித்தை இந்நாட்டுக் கைகளுக்குப் பழக்கமானதே.

ஆனால் பழம்பெருமையால் வயிறு நிறையாது என்பதைக் காட்ட அதே தென்னாற்காடு ஜில்லாவில் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1830-இல் ஹீத் என்ற ஆங்கிலேயர், கும்பினி உத்தியோகத்தை விட்டுவிட்டு, கும்பினிக் கடனுதவியோடு பரங்கிப்பேட்டையில் இரும்பு உலைகள் அமைத்தார். தாது சேலத்திலிருந்து வந்தது. கரி நமது காடுகளிலிருந்து வந்தது. உழைப்பு நமது ஜனங்களுடையது. ஆனால் வார்த்த இரும்பு கப்பலேறி ஷெபீல்டுக்குப் போயிற்று. எஃகாக்கும் வித்தையும் அதன் லாபமும் அங்கேயே தங்கின. 1839-இல் எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறையை ஹீத் கண்டுபிடித்தார். ஷெபீல்டு முதலாளிகள் அவருடைய உரிமையையும் தட்டிக் கழித்துவிட்டு அந்த முறையால் செழித்தார்கள். காடும் கரைந்தது, கம்பெனியும் கரைந்தது. தாது தந்தவனுக்கும் ஒன்றுமில்லை, கண்டுபிடித்தவனுக்கும் ஒன்றுமில்லை, தொழிலை நடத்தும் வித்தையைக் கைவசம் வைத்திருந்தவனுக்கே எல்லாம்.

இந்தப் பாடம் உலோகப் பொடிக்கு அப்படியே பொருந்தும். பொடியை ஒரு தேசத்திலிருந்தும் யந்திரத்தை மற்றொரு தேசத்திலிருந்தும் வாங்கி, பொத்தானை அமுக்கி ஒரு பாகத்தை அச்சடித்துவிட்டு, அதற்குச் சுதேசி என்று பெயர் சூட்டினால் அது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும். 1974-இல் யுரேனியக் கதவு அடைபட்டதுபோல் நாளை பொடிக் கதவும் அடைபடலாம். அப்போது லேசர் யந்திரம் கண்காட்சிப் பொருளாக நிற்கும்.

ஆட்சேபங்கள்

அணு உலையே வேண்டாம் என்பவர்கள் நம் நாட்டில் உண்டு. கடலோர மீனவர்களின் அச்சமும் நமக்குத் தெரியும். அந்த விவாதம் பெரிது. அதை இங்கே தீர்த்துவிட முடியாது. ஆனால் உலை நமது கரையில் நிற்கும்வரையில், அதன் ஒவ்வொரு குழலும் குறையற்றதாக இருக்கவேண்டும் என்பதில் ஆதரிப்பவருக்கும் எதிர்ப்பவருக்கும் அபிப்பிராய பேதம் இருக்க நியாயமில்லை. எதிர்ப்பவருக்கே இதில் அக்கறை அதிகம் என்றும் சொல்வோம்.

பொடி முறை குறையற்றதென்று நாம் கருதவில்லை. பொடியின் மேற்பரப்பில் ஒட்டும் ஆக்ஸிஜன் சிறிது மிகுந்தாலும் எஃகு நொறுங்கும் தன்மை அடையும். துளியினுள் அகப்பட்ட ஆர்கான் பின்னால் குமிழியாகும். லேசரால் அடுக்கிய பாகத்துக்கு நெடுக்கில் ஒரு வலிமையும் குறுக்கில் வேறொரு வலிமையும் இருக்கக்கூடும். வெளிப்பார்வைக்கு எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும். இவற்றைக் கண்டறியச் சோதனை வேண்டும். உலைக்குள் வைத்துப் பல ஆண்டுகள் சோதிக்கவும் வேண்டும். தவிர, சாதாரண வார்ப்பும் கடைசலும் போதுமான இடத்தில் பொடியைப் புகுத்துவது ஆடம்பரம். சல்லடைக்குச் சல்லடையும் படிக்குப் படியும் வேண்டும். ஒன்றே எல்லாம் ஆகாது.

தொழிலாளியின் நெஞ்சையும் மறக்கலாகாது. குரோமியமும் நிக்கலும் கலந்த நுண்பொடி சுவாசத்தில் புகுந்தால் தீங்கு செய்யும். நுண்ணிய உலோகப் பொடி காற்றில் கலந்து பொறிபட்டால் தீப்பற்றி வெடிக்கவும் கூடும். கல்குவாரித் தூசியை ஒரு தலைமுறையாகச் சுவாசித்துவரும் ஜனங்களுக்கு வேறொரு தூசியைக் காட்டி, இது விஞ்ஞானத் தூசி என்று சொல்லி ஏமாற்றக் கூடாது. மூடிய யந்திரமும், காற்றைச் சலிக்கும் சாதனமும், வருஷந்தோறும் வைத்தியப் பரிசோதனையும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

செய்யவேண்டியவை

2025-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் மத்திய சர்க்கார், சிறிய உலைகளின் ஆராய்ச்சிக்கு 20,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 2033-க்குள் சுதேசியாக அமைத்த ஐந்து உலைகளேனும் இயங்கவேண்டும் என்றும், 2047-க்குள் அணுமின்சாரம் ஒரு லட்சம் மெகாவாட்டை எட்டவேண்டும் என்றும் கூறியது. சிறிய உலைகள் பல என்றால், ஒரே மாதிரியான சிறு பாகங்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும். பொடித் தொழிலுக்கு ஏற்ற வேலை இது. வாய்ப்பு வாசலில் வந்து நிற்கிறது.

ஆகவே நாம் வற்புறுத்துவன சில. முதலாவது, உலைக்கு ஏற்ற தூய்மையுள்ள எஃகுப் பொடியையே இந்நாட்டில் ஆக்கவேண்டும். பாகத்தைச் செய்வது பாதி வேலை. பொடியைச் செய்வது மற்றப் பாதி. சேலத்தில் எவர்சில்வர்த் தகடு உருட்டும் ஆலை இருக்கிறது. ஓசூரில் மோட்டார் வாகனங்களுக்குப் பொடியிலிருந்து பாகங்கள் செய்யும் தொழில் இருக்கிறது. திருச்சியில் பாரத மிகுமின் நிறுவனம் இருக்கிறது. இவற்றைக் கல்பாக்கத்துடன் இணைத்து ஒரு பொதுவேலையில் ஈடுபடுத்துவது கஷ்டமான காரியமன்று. மனம் இருந்தால் போதும்.

இரண்டாவது, சோதனை முடிவுகள் வெளியாகவேண்டும். வெற்றியை மட்டும் விளம்பரம் செய்து தோல்வியைப் பெட்டியில் பூட்டும் பழக்கம் விஞ்ஞானத்துக்கு விரோதமானது. 1967-இல் டௌன்ரேக்காரர்கள் தமது எஃகு உப்பியதை மறைத்திருந்தால், உலகம் எத்தனை உலைகளில் அதே தவற்றைச் செய்திருக்கும்! 1983-இல் ஏற்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் யாருக்கும் அஞ்சாமல் மறுக்கவேண்டியதை மறுக்கவேண்டும். அதன் மறுப்பே நமக்குக் கிடைக்கும் பாதுகாப்பு.

மூன்றாவது, இந்த அறிவு கல்பாக்கத்து வேலிக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கலாகாது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. தொழிற்பயிற்சிப் பள்ளிகளும் இருக்கின்றன. பொடியைச் சலிக்கவும், அளக்கவும், அழுத்தவும், குழலின் குறையை ஒலியலையால் கண்டறியவும் அங்கே கற்றுக்கொடுக்கட்டும். தமிழில் கற்றுக்கொடுக்கட்டும். எவர்சில்வர் என்ற சொல்லைப் படைத்துக்கொண்ட ஜனங்கள், எஃகுப் பொடி, அழுத்தக் கலம், உறைக் குழல் என்ற சொற்களைக் கண்டு மிரளமாட்டார்கள். ரகசியம் காக்கவேண்டியது எது, வெறும் சோம்பலால் ரகசியமாக வைத்திருப்பது எது என்று அதிகாரிகள் பிரித்தறியவேண்டும்.

பெருமுக்கல் குகையில் கல்லைக் கீறிய அந்த ஆதி மனிதன் தன் கையிலிருந்த கல்லின் குணத்தை அறிந்தவன். எந்தக் கல் எந்தக் கல்லைக் கீறும் என்று சோதித்துப் பார்த்தே அவன் வேலை தொடங்கியிருப்பான். அவன் வரைந்தது இன்றும் நிற்கிறது. இன்று அவனுடைய மலையடிவாரத்துக் கிராமங்களில் பிறக்கும் பிள்ளைக்கு நாம் இரண்டு பொடிகளைக் காட்ட முடியும். ஒன்று, மலையை உடைத்து, லாரியில் ஏற்றி, கூலி வாங்கி, இருமிச் சாகும் பொடி. மற்றொன்று, அறிவால் ஆக்கி, நெருப்பால் இறுக்கி, ஒரு தேசத்தின் விளக்கைத் தாங்கும் பொடி. இரண்டில் எது அவன் கைக்கு வரவேண்டும் என்பதை மலை தீர்மானிக்கப் போவதில்லை; நாம்தான் தீர்மானிக்கவேண்டும். அதையும் குகைக் கீறல்கள் ஜல்லியோடு ஜல்லியாகப் போவதற்கு முன்னர்த் தீர்மானிக்கவேண்டும்.